சவரியப்பன் உட்கார்ந்து பார்த்த ஆட்டம்

சவரியப்பனுக்கு உட்காரத் தெரியாது. கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஓசூருக்கு ஓடிய பஸ்ஸில் பதினாலு வருஷம் கண்டக்டராக இருந்தவர். பஸ் காலியாக ஓடினாலும் பின்படியில்தான் நிற்பார். கேட்டால், உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்பார். அதெல்லாம் சும்மா. வீட்டில் களி தின்பதும் நின்றபடிதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால் போதும், கோயில் கதவைச் சரிபார்க்க எழுந்து போய்விடுவார். அந்தக் கதவில் எந்தப் பழுதும் இல்லை என்பது சாமியாருக்கும் தெரியும்.

"ஏறுங்க, ஹத்ரி, எக்கண்டி" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று பாஷையிலும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில் தொங்கும். யாராவது கை காட்டினால் ஊதுவார், எருமை குறுக்கே வந்தால் ஊதுவார், மனசு பதறினால் அதற்கும் ஊதுவார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டத் தடுமாறியபோது ஊதிவிட்டார் என்று அவர் மனைவி செல்வம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த விசில் தன் மகள் வாழ்க்கையில் வந்து விழுந்த பிறகு அவள் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

சவரியப்பனுக்குக் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் சூசைபுரம். மகள் அருள்மேரியைக் கொடுத்தது ராயக்கோட்டைக்கு இந்தப் பக்கமுள்ள மாதாகொட்டாயில். இரண்டும் கிறிஸ்தவர்கள் ஊர். வெள்ளைக்காரச் சாமியார்கள் இரண்டு ஊரிலும் கோயிலைக் கட்டிய கையோடு கோல் போஸ்ட்டையும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். செப்டம்பர் எட்டாம் தேதி மாதாகொட்டாயில் தேர் ஓடும், மறுநாள் சாயங்காலம் இரண்டு ஊருக்கும் பந்தாட்டம். பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஏர்மாடு இரவல் தந்து, சாவுக்கு வந்து சேர்ந்து அழுகிறவர்கள்தான். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் மைதானத்தின் இரு பக்கமும் பிரிந்து உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள்.

ஐம்பத்துநாலாம் வருஷத்து ஆட்டத்தில்தான் வினை வந்தது. மாதாகொட்டாய்க்குக் கோல்கீப்பர், சவரியப்பனின் மருமகன் இன்னாசி. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. சூசைபுரத்துச் சின்னராஜ் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். அவன் சவரியப்பனுக்கு அக்கா மகன். அவன் காலைத் தூக்கிய நேரத்தில் சவரியப்பனின் வாய்க்கு விசில் எப்படிப் போனதென்று அவருக்கே தெரியாது. நீளமாக ஒரு ஊதல். ரெப்ரீதான் ஊதிவிட்டார் என்று நினைத்துப் பாய வேண்டிய இன்னாசி இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். பந்து அவன் காலை உரசாத குறையாக உருண்டு உள்ளே போனது.

ரெப்ரீயாக வந்தவர் ஓசூர் பக்கத்து டிரில் மாஸ்டர் திம்மப்பன். கறாரான ஆள். "நான் ஊதல. எவனோ ஊதுனதுக்கு நான் என்னா பண்ண முடியும்? கோலு கோலுதான்" என்று கையை விரித்துவிட்டார்.

சூசைபுரத்துக்காரர்கள் சவரியப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்த மனிதர் உருப்படியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். தெரியாமல் ஊதிவிட்டேன் என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சம்பந்தி அருள்ஜோசப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நீங்கதானே ஊதுனது?" என்று நேராகவே கேட்டார். தோள்மேல் இருந்த சுகத்தில் சவரியப்பன், "எவன் ஊதுனானோ, எனக்கென்னா தெரியும்" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பை அருள்ஜோசப்பும் பார்த்தார்.

அருள்ஜோசப் மாதாகொட்டாயின் பெரியதனக்காரர். ஊர்ப் பஞ்சாயத்தும் கோயில் காரியமும் அவர் சொல்படிதான் நடக்கும். பொய் சொன்னவனுக்கு அவர் வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். அடுத்த வாரமே அருள்மேரியை, அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வா என்று சொல்லிப் பஸ் ஏற்றினார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. இரண்டு நாள் பத்து மாதம் ஆனது.

அருள்மேரி அப்பாவை ஒரு குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மாதாகொட்டாய்ப் பக்கமிருந்து பஸ் வருகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். படியிலிருந்து இறங்குவது அப்பா மட்டும்தான் என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஊர்க்காரர்கள் அவரை "விசில் கோல் கண்டக்டர்" என்று பெருமையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பு இனித்த பேச்சு இப்போது அவருக்கு முள்ளாகக் குத்தியது. மாதாகொட்டாயில் பஸ் நிற்கும்போதெல்லாம் இறங்கி ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று கால் பரபரக்கும். பஸ் காத்திருக்காது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு விசில் ஊதுவார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அருள்ஜோசப்பே பஸ்ஸில் ஏறினார். உட்கார்ந்திருந்த அவர் முன்னால் சவரியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, அன்னிக்கு நடந்தது..." என்று சவரியப்பன் ஆரம்பித்தார்.

"அத இப்ப பேசாதீங்க. வர்ற திருவிழா ஆட்டத்துக்கு வந்து எங்க ஆளுங்களுக்கு நடுவுல உக்காருங்க. ஆட்டம் முடியற மட்டும் எழுந்திருக்கக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது. விசில முன்னாடியே என் கையில குடுத்துடணும். அப்படி இருந்துட்டீங்கன்னா மறுநாளே மருமகள அனுப்பி வைங்க."

"இல்லன்னா?"

"இல்லன்னா அது உங்க மகதான், எங்க மருமக இல்ல."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார். சவரியப்பன் சரி என்று தலையாட்டியதைப் பார்த்தாரா என்றே தெரியவில்லை.

ஆட்டத்தன்று கோயிலுக்குப் பின்னால் வைத்து, யாரும் பார்க்காமல், சவரியப்பன் விசிலைக் கழற்றிக் கொடுத்தார். அருள்ஜோசப்போடு அங்கே இருந்தது அவர் மனைவி தேவமணி மட்டும்தான். விசில் அருள்ஜோசப்பின் சட்டைப் பாக்கெட்டுக்குள் போனது. வாயை அடக்க ஒரு உபாயமாகச் சவரியப்பன் மடியில் வறுத்த புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தார். பெஞ்சில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒரு கை அள்ளி வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டார்.

எதிர்ப் பக்கத்திலிருந்து அவருடைய ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டார்கள். "மாமோவ், அங்க எதுக்கு ஏறுன? எந்த ஸ்டாப்புல இறங்குவ?" என்று ஒருவன் கத்தினான். மாதாகொட்டாய்க்காரர்கள் சிரித்தார்கள். சவரியப்பன் புளியங்கொட்டையைக் கடித்தார். உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. சின்னராஜ் பந்தை எடுத்து ஓடும்போதெல்லாம் அவர் கால் தானாக எழும்பும். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஆள் மூன்றாவது உதையில் திரும்பினான்.

"அண்ணா, பந்து அங்க இருக்குது. இது என் முதுகு."

இடைவேளைக்கு முன்னால் மாதாகொட்டாய் ஒரு கோல் போட்டது. சுற்றிலும் இருந்த அத்தனை பேரும் குதித்தார்கள். எவனோ ஒருவன் ஆள் தெரியாமல் சவரியப்பனைக் கட்டிப்பிடித்து உலுக்கினான். அவர் மட்டும் புழுதிக்குள் சாமி சிலையாட்டம் உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் தோற்பதைப் பக்கத்து ஊர்க்காரன் கட்டிப்பிடித்துக் கொண்டாட, அதையும் வாய்மூடி வாங்கிக்கொள்வது லேசான காரியமில்லை.

எதிர்ப் பக்கத்தில் புளியமரத்தடியில், சூசைபுரத்துப் பெண்களோடு அருள்மேரி உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பந்தைப் பார்க்க, அவள் ஆட்டம் முழுக்க அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்துவிட்டால் தன் கதை அதோடு சரி என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பார்த்த பிறகு சவரியப்பன் இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கடைசி நிமிஷம் வந்தது. இன்னாசி முன்னேறி வந்து பந்துக்குப் பாய்ந்து தவறவிட்டுக் கீழே விழுந்தான். பந்து சின்னராஜ் காலில். முன்னால் கோல் போஸ்ட் ஆளில்லாமல் கிடந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். சவரியப்பன் மட்டும் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

விசில் கேட்டது. காதுக்குப் பக்கத்தில், நீளமாக.

நாமேதான் ஊதிவிட்டோம் என்று அவருக்குக் குலை நடுங்கிப்போனது. வாயைத் தொட்டுப் பார்த்தார். புளியங்கொட்டைதான் இருந்தது. தலையைத் திருப்பினார். பாதி எழுந்தும் எழாமலும் நின்ற அருள்ஜோசப்பின் உதட்டில் பித்தளை விசில் இருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வாய் திறந்தது, விசில் கீழே புழுதியில் விழுந்தது.

மைதானத்தில் சின்னராஜ் பந்தின் மேல் காலை வைத்து நின்று, ரெப்ரீயைத் தேடினான். போன வருஷம் பட்ட இன்னாசி இந்தத் தடவை விசிலுக்கு நிற்கவில்லை. எழுந்து ஓடிவந்து பந்தைக் கையில் வாரிக்கொண்டு நடு மைதானம் தாண்டி உதைத்துவிட்டான். "நான் ஊதல, ஆடுங்க" என்றார் இந்தத் தடவையும் ரெப்ரீயாக வந்திருந்த திம்மப்பன். கொஞ்ச நேரத்தில் தன் விசிலை ஊதி ஆட்டத்தை முடித்தார். மாதாகொட்டாய் ஜெயித்துவிட்டது.

"கண்டக்டர் ஊதிட்டான்டா" என்று எதிர்ப் பக்கம் கத்திக்கொண்டு ஓடிவந்தது. இந்தப் பக்கத்தாரும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பந்தை விட்டுக் கண்ணெடுக்காதவர்களுக்கு வேறு யாரைத் தெரியும்? பக்கத்தில் அருள்ஜோசப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவர் விரல்கள் காலிப் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருந்தன.

இதோ, இவர்தான் என்று விரலை நீட்டினால் போதும். போன வருஷத்துக் கறை போய்விடும். தெரியாமல் ஊதுவது யாருக்கும் நடக்கும் என்று ஊரே ஒத்துக்கொள்ளும். ஆனால் ஊருக்கு நியாயம் சொல்கிற மனிதர் நாளையிலிருந்து தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்த வீட்டில்தான் அருள்மேரி வாழ வேண்டும். சவரியப்பன் புளியங்கொட்டையைத் துப்பினார். குனிந்து விசிலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான்தான் ஊதுனேன்" என்றார்.

போன வருஷம் செய்ததைச் சொல்ல வராத வாய், செய்யாததைச் சொல்லத் தடுமாறவே இல்லை.

ஒரு மண்கட்டி வந்து தோளில் பட்டது. சின்னராஜ் வேர்த்து விறுவிறுத்து எதிரில் வந்து நின்றான். "மெய்யாலுமா மாமா?" என்று கேட்டான். அவர் தலையாட்டினார். "உம் மகளுக்கோசரம் ஊர வித்துட்டியே" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி நடந்தான். மாதாகொட்டாய்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காதவர் அருள்ஜோசப் ஒருவர்தான்.

கூட்டம் கலைந்த பிறகு தேவமணி வந்தாள்.

"விசிலு உங்க பாக்கெட்டுல இல்ல இருந்துது?" என்று புருஷனைக் கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு சவரியப்பன் கையில் இருந்த விசிலைப் பார்த்தாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸுல அருள்மேரிய அனுப்பிடுங்கண்ணா" என்றாள்.

மறுநாள் காலையில் சூசைபுரத்தில் அருள்மேரி தகரப்பெட்டியோடு ஏறினாள். அதே பஸ்ஸில் சின்னராஜும் ஏறினான். சவரியப்பன் தயங்கித் தயங்கி அவன் பக்கத்தில் போனார்.

"ராயக்கோட்டை ஒண்ணு, கண்டக்டர்" என்றான் சின்னராஜ்.

குழந்தையிலிருந்து மாமா என்று காலைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவன். சவரியப்பன் டிக்கெட் கட்டை எடுத்தார். இரண்டு சீட்டைச் சேர்த்துக் கிழித்துவிட்டு ஒன்றைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாதாகொட்டாய் நெருங்கியது. அருள்மேரி எழுந்து பின்படிக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, உன் கை ரெண்டும் முட்டி மேலதான் இருந்துது" என்றாள் மெதுவாக. "நான் பாத்துகினுதான் இருந்தேன்."

சவரியப்பன் ரோட்டைப் பார்த்தார்.

"சின்னராஜ் மாமனுக்காவது சொல்லிடட்டுமா?"

"ஒருத்தருக்கும் சொல்லாத. இறங்கு, ஊரு வந்துடுச்சி."

அருள்ஜோசப் தானே வந்து ரோட்டோரம் நின்றிருந்தார். பெட்டி தூக்க இரண்டு ஆள் வைத்திருக்கிற மனிதர், மருமகளின் தகரப்பெட்டியைத் தானே வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். சம்பந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியோடு அப்படியே நடந்தார். அருள்மேரி பின்னாலேயே போனாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். பஸ் கிளம்ப வேண்டும். சவரியப்பன் விசிலை வாயில் வைத்து ஊதினார். பெட்டி ஆட, அருள்ஜோசப் திடுக்கிட்டுத் திரும்பினார், மகளும் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்குள் இருந்த சூசைபுரத்துக்காரர் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. ராயக்கோட்டை வரைக்கும் சவரியப்பன் படியிலேயே நின்றுகொண்டு போனார்.