ஒட்டுப்பால் மூடிய புஷ்

உலு திராம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரப்பால் ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். எங்கள் செம்மண் பாதையில் ஒரு சக்கரம் மேட்டிலும் ஒன்று பள்ளத்திலுமாகத்தான் லாரி போகும். ஸ்பிரிங் பட்டையின் முனையில் இருக்கும் பித்தளை வளையமான புஷ்ஷை அடிக்கடி மாற்றுவோம். பாதை அப்படி என்று விட்டுவிடுவோம்.

தொட்டியிலிருந்து சிந்தும் பால் அங்கே காய்ந்து, ஒட்டுப்பாலாகத் தோல் கட்டும். சேறு புகாமல் அது காக்கும் என்று நாங்கள் யாரும் உரித்ததில்லை. அதன் மேலேயே கிரீஸைத் தடவுவேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, பால்வெட்டும் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பலகைப் பாலத்துக்கு இறங்கினேன். என் மனைவியும் அவர்களோடு இருந்தாள். அடியில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. பின்சக்கரம் விலகி, லாரி தானாக ஓரத்துக்கு இழுத்துப் பாலத்தின் கட்டையில் முட்டி நின்றது. முன்சக்கரம் ஒன்று ஆற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"என்னாங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"புஷ் போச்சு," என்றேன். அவளுக்கு அடிபட்டதா என்றுகூடக் கேட்காமல் லாரிக்கு அடியில் புகுந்தேன்.

தோலை உரித்துப் பார்த்தேன். கிரீஸ் போகும் ஓட்டையை ஒட்டுப்பால் அடைத்திருந்தது. உள்ளே துளி கிரீஸ்கூட இல்லை. முன்பே புகுந்த செம்மண் வெளியேற வழியில்லாமல் பித்தளையை அரைத்துத் தின்றிருந்தது. தேய்ந்த புஷ்ஷுக்குள் ஆடி ஆடி, ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஆணி முறிந்துவிட்டது.

இப்போது தினமும் பால்வெட்டுக் கத்தியால் தோலைச் சுரண்டி, மண்ணைத் துடைத்து, ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கிரீஸ் வைக்கிறேன். புஷ் நெடுநாள் உழைக்கிறது.

அன்றிலிருந்து, நான் லாரியை எடுப்பதற்கு முன்பே என் மனைவி வேலைக்கு நடந்து போய்விடுகிறாள். நானும் ஏறச் சொல்வதில்லை.