கிதார் கழுத்தில் ஒரு ரோஜாப்பூ

சேலத்தில் ஒருவரிடமிருந்து பழைய எலக்ட்ரிக் கிதார் ஒன்றை வாங்கிவந்தேன். சத்தம் அருமையாக இருந்தது. இடது கை பிடித்து ஓடும் கழுத்துதான் தொல்லை. முன்பு வைத்திருந்தவர் அதன் பின்பக்கம் முழுக்கப் பளபளவென்று கறுப்புப் பெயிண்டை அப்பியிருந்தார். நாமக்கல் வெயிலில் கை வியர்த்ததும் கட்டைவிரல் அதில் ஒட்டிக்கொள்ளும். பாட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும். என் கை முந்தைய வரியிலேயே நிற்கும்.

பெயிண்டை எடுத்துவிட்டு வெறும் மரத்தில் எண்ணெய் தடவினால் கை தடையில்லாமல் ஓடும் என்று தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை காலையில் கம்பிகளைக் கழற்றி, நான்கு திருகாணிகளை எடுத்து, கழுத்தைத் தனியே பிரித்தேன். விரல் வைத்து வாசிக்கும் முன்பக்கத்தை டேப் ஒட்டி மூடினேன். மொட்டைமாடியில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன்.

துணி காயப்போட வந்த மாமியார் நின்று பார்த்தார்.

“என்ன அம்மிணி இது, களி கிண்டற துடுப்பு மாதிரி இருக்குது?”

“கிதாரோட கழுத்துங்கத்தை.”

“அப்ப ஒடம்பு எங்க?”

“கட்டில் மேல படுத்திருக்குதுங்க.”

அவர் கீழே போய் என் கணவரிடம் கேட்டிருக்கிறார், எனக்கு ஆபீசில் ஏதாவது பிரச்சினையா என்று.

ஞாயிறு காலைக்குள் கறுப்பெல்லாம் போய், வெளிர்மஞ்சளாக மரம் தெரிந்தது. நைசான உப்புத்தாளால் இன்னொரு முறை தேய்த்தேன். குழந்தையின் கன்னம்போல இருந்தது. எண்ணெய் தடவி, மாடியில் துணிக்கொடியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, கணவரோடு மோகனூரில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். சாப்பாட்டுப் பந்தியில்கூட அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்து மாடி ஏறினால், கொடியில் பளிச்சென்று மஞ்சளாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. லாரி மஞ்சள். கம்பிகளை முறுக்கும் சாவிகள் இருக்கும் தலைப்பக்கத்தில் ஒரு சிவப்பு ரோஜா, இரண்டு இலைகளோடு. கழுத்தின் பின்பக்கம் மேலிருந்து கீழாக, நீல நிறத்தில், நிழல் வைத்த எழுத்தில், ‘ஒலி எழுப்பவும்’.

எதிர் வீட்டு அண்ணன் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மாமியார்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

“ரெண்டு நாளா ஒத்தையில கெடந்து சொரண்டிட்டிருந்தியே சாமி. பாக்கவே பாவமா இருந்துச்சு. பெயிண்ட் அடிக்கிற கஷ்டமாச்சும் உனக்கு வேண்டாம்னு அடிக்கச் சொல்லிட்டேன். நல்லா இருக்குதா?”

“நல்லா இருக்குதுங்கத்தை” என்றேன். வேறென்ன சொல்வது? முன்பக்கத்து டேப்பை அண்ணன் பிரிக்காமல் விட்டாரே, அதற்காக மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

எண்ணெய் காய்வதற்குள் அடித்த பெயிண்ட், அதுவும் காயவில்லை. செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் கழுத்தை மாட்டி வாசித்துப் பார்த்தேன். கை அப்பிக்கொண்டது. கையை எடுத்தபோது கிதாரும் கூடவே வந்தது. மறுநாள் ஆபீசில் என் மஞ்சள் கட்டைவிரலைப் பார்த்து, வீட்டில் என்ன விசேஷம் என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆளிடம் சத்தியநாராயண பூஜை என்று சொல்லிவிட்டேன். பிரசாதம் எங்கே என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே கிதாரைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், கிதாரைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் வாங்கி, கழுத்தைப் பிடித்து, கையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை.

“கை ஓடற எடமுங்களா இது?”

“ஆமாங்கண்ணா.”

“அட, ஸ்டியரிங்குக்கு ஆராச்சும் பெயிண்ட் அடிப்பாங்களா? மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா தொட்டே இருக்க மாட்டனுங்க.” பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: “ரோஜாவையும் அழிக்கோணுமுங்களா?”

தலைப்பக்கத்தில் கை படாது என்றேன். அவர் முகம் தெளிந்தது. அவரே கழற்றி, டேப் ஒட்டி, ஒரே மணி நேரத்தில் கழுத்தை வெறும் மரமாக்கிவிட்டார். நான் ஒன்றரை நாள் தேய்த்ததைவிட வழவழப்பாக இருந்தது. இம்முறை எண்ணெய் தடவி, பீரோவுக்குள் தொங்கவிட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருந்தது. நான்கு நாள் என் கணவர் இரண்டே சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

மாட்டி வாசித்தபோது கை பறந்தது. நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு கட்டை மேலே போய் நின்றது. சரியான இடத்தில் நிற்பதற்கு ஒரு வாரம் பழக வேண்டியிருந்தது. இப்போது ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். முன்பெல்லாம் பத்தே நிமிடத்தில் கை ஒட்டிக்கொண்டதும் நிறுத்திவிடுவேன். அது எவ்வளவு நல்ல ஏற்பாடாக இருந்தது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது.