நியூட்ரலில் இறங்கும் லாரி

போன ஜூன் பதினான்காம் தேதி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த முருகேஷின் லாரியைத் தூக்கியது சவுரியப்பனின் கிரேன்தான். முருகேஷ் பிழைக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு மத்தியானம், சவுரியப்பனின் செல்போன் திரையில், அதே மஞ்சள் முகப்போடு முருகேஷின் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு அவரை முந்திப் போனது.

சவுரியப்பனுக்கு நாற்பத்தாறு வயது. கணவாய் அடிவாரத்தில், பரோட்டாக் கடைக்குப் பக்கத்தில் கிரேனை நிறுத்திவிட்டு அழைப்புக்குக் காத்திருப்பதுதான் பிழைப்பு. எங்காவது வண்டி கவிழ்ந்தால்தான் அவருக்கு வேலை. வேலை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே காத்திருக்கும் ஆள். அந்த நேரத்தைப் போக்க லாரி ஓட்டும் கேமைப் பழக்கிவிட்டவர் காரிமங்கலத்து டிரைவர் முருகேஷ். சரக்கு இறக்கக் காத்துக் கிடக்கும் ஊரிலிருந்து அவரும் கேமுக்குள் வருவார். இருவரும் முன்னும் பின்னுமாக ஓட்டுவார்கள்.

ஆரம்பத்தில் நல்ல கேம். பிறகு ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். டீசல் சீக்கிரமே தீர்ந்தது. நிரப்ப வேண்டுமென்றால் பணம் கட்டு, இல்லையென்றால் விளம்பரத்தை முழுதாகப் பார். அதனால் எல்லோரும் இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரல் போட்டு வண்டியை உருட்டிவிட்டார்கள். முருகேஷும்தான்.

"நெசத்துல இப்படி எறக்குனா பிரேக்கு வெந்துரும், என்னைத் தூக்க உன் கிரேன்தான் வரணும் மச்சான்," என்று சிரிப்பார். "இதுல என்னா? டீசலும் மிச்சம், வெளம்பரமும் மிச்சம்."

லாரி கவிழ்ந்ததும் அதன் ஓனர் ஊரெல்லாம் சொன்னது அதைத்தான்: நியூட்ரலில் விட்டுவிட்டான். முருகேஷின் மனைவி யுவராணி ஒப்புக்கொள்ளவில்லை. பல லோடுகளுக்குக் கூடவே போய் வந்தவர். ரோட்டில் தன் கணவர் ஒரு நாளும் அப்படிச் செய்ய மாட்டார் என்றார். நசுங்கிக் கிடந்த கேபினில் கியர் எதில் இருந்தது என்று சவுரியப்பனாலும் சொல்ல முடியவில்லை. கை ஒன்றுக்குப் பழகிவிட்டால், எது போன், எது ரோடு என்று அதற்குத் தெரியுமா? இந்தக் கேள்விதான் அவரை விடவில்லை.

ஆகஸ்டில் அந்த லாரியைத் திரையில் பார்த்ததும், யாரோ முருகேஷின் போனைத் திருடி விளையாடுகிறார்கள் என்று நினைத்து யுவராணியைக் கூப்பிட்டார்.

"அவரு போனு பீரோவுல ஆஃப் ஆயி கெடக்குதுங்கண்ணா. ஏன் கேக்கறீங்க?"

மழுப்பிப் பார்த்தார். முடியாமல், கேமில் அந்த லாரி ஓடுவதைச் சொல்லிவிட்டார்.

பரோட்டாக் கடை அருள்குமார் கேமின் புது அறிவிப்பை வாசித்துக் காட்டினார். ஒரு மாதம் உள்ளே வராதவர்களின் வண்டியை இனி கேமே ஓட்டும், அவரவர் ஓட்டிய விதத்திலேயே.

"ஆளு கொறைஞ்சது வெளிய தெரியக் கூடாதில்லீங்க," என்றார் அருள்குமார். "செத்தவனையும் டூட்டிக்குக் கூப்புடறானுங்க."

ஆள் இறந்துவிட்டார், நிறுத்துங்கள் என்று சவுரியப்பன் கேம் கம்பெனிக்கு எழுதினார். கருத்துக்கு நன்றி சொல்லி, ஒரு டேங்க் டீசல் இனாமாக அனுப்பினார்கள். போன் தினமும் அதிர்ந்தது: முருகேஷ் தனியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார், சேர்ந்துகொள்ளுங்கள்! கணவாயில் நிஜ லாரி ஹாரன் அடித்தாலும் அவர் கண் முதலில் போனுக்குத்தான் போனது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை யுவராணி பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"காட்டுங்கண்ணா."

"வேண்டாம்மா. அது வெறும் பொம்ம."

"பொம்மதானே, காட்டுங்க."

சமதள ரோட்டை மட்டும் காட்டிவிட்டு அணைத்துவிடலாம் என்று சவுரியப்பன் கணக்குப் போட்டார். யுவராணியிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான், அதை இறக்கத்தில் கொண்டுபோய்த் தள்ள வேண்டாம். மஞ்சள் லாரியோ நேராகக் கேமில் இருந்த கணவாய்க்குத் திரும்பியது. அணைக்கப் போன கையை யுவராணி பிடித்துக்கொண்டார். முதல் வளைவில் இன்ஜின் உறுமல் சட்டென்று அடங்கியது.

"நியூட்ரலு," என்றார் யுவராணி.

லாரி எல்லா வளைவையும் சத்தமில்லாமல் இறங்கி, அடிவாரத்தில் நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"இதுல பிரேக்கு சூடாவாதாண்ணா?"

"ஆவாதும்மா. டீசல் மட்டுந்தான் தீரும்."

"அதான் போட்டிருக்காரு. இதுல என்னா பயம்?" நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரோட்டுல அவருக்குப் பயம் இருந்துச்சு. பக்கத்துல ஒக்காந்து பாத்தவ நானு." பிறகு குரல் இறங்கி, "இருந்துச்சு இல்லீங்கண்ணா?" என்றார்.

"இருந்துச்சும்மா," என்றார் சவுரியப்பன், கணவாயைப் பார்த்தபடி.

தர்மபுரி பஸ்ஸில் யுவராணியை ஏற்றிவிட்டு வந்ததும் கேமைப் போனிலிருந்து அழித்தார். கேமுக்குள் இருக்கும் அவருடைய கணக்கை எப்படி மூடுவது என்று அருள்குமாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. செப்டம்பர் கடைசியோடு சவுரியப்பன் கேமுக்குள் போய் ஒரு மாதம் ஆகிறது. அதற்கு மறுநாள், அவருடைய சிவப்பு லாரியும் முருகேஷின் வண்டிக்குப் பின்னால் தானாக ஓடத் தொடங்கும்.