பைன் மரத்துச் செம்புக் கம்பி

அன்புள்ள தங்கைக்கு,

போன ஞாயிறு மாலை பின்னறைப் பக்கம் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோர நாற்காலியில், தோட்டத்தைப் பார்த்தபடி நான். கட்டில் விளிம்பில் துணி மடித்துக்கொண்டு உன் அண்ணி. தரையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படம் வரைந்துகொண்டு பாப்பா. தோட்டத்துப் படியில் டீ டம்ளரோடு, மரம் கத்தரிக்க வரும் மரக்காரர். இதை முதலில் எழுதக் காரணம், நீ நம்பாவிட்டால் மற்ற மூவரையும் கேட்டுக்கொள்ளலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

ஜன்னலுக்கு நான்கடி தள்ளி நிற்கும் பைன் மரம் உனக்குத் தெரியும். வீட்டோடு வந்தது. வீட்டை விற்றவரின் அப்பா முப்பது வருடம் கம்பி சுற்றி வளைத்து வளர்த்தது. தண்டில் இரண்டு வளைவு. அடிக்கிளை மட்டும் நீட்டிய கை மாதிரி பக்கவாட்டில் போகும்.

போன மாதம் மரக்காரர் பார்த்துவிட்டு, கம்பி பட்டையில் பதிகிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்.

"துண்டு துண்டா வெட்டி எடுங்க சார். பிரிக்காதீங்க."

என் குணம் உனக்குத் தெரியுமே. பார்சலில் வரும் சணலைக்கூடச் சுருட்டி வைப்பவன். நல்ல செம்பை வெட்ட மனம் வரவில்லை. ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, சுத்தியலால் தட்டி நேராக்கினேன். அதில் ஒரு முழம் எடுத்து, உனக்குக் கொடுத்த தொட்டிக் கன்றின் தண்டில் சுற்றினேன். ஆறு சுற்று. மீதியைக் கொட்டகை ஆணியில் மாட்டினேன்.

இனி ஞாயிறு. மணி 6:10.

பாப்பா தலை நிமிராமல் சொன்னாள். "அப்பா, யாரோ கம்பி சுத்துறாங்க."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. கிரிக்... கிரிக்... உலோகத்தை மெல்ல இறுக்கும் சத்தம். மரக்காரரின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

மரத்தருகே யாரும் இல்லை. ஆனால் அடிக்கிளையில் கம்பி இருந்தது. பளபளவென்று. ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. பதினொரு சுற்று.

கொட்டகைக்கு ஓடினேன். ஆணி காலியாக இருந்தது.

"நீங்க சுத்துனீங்களா?" என்றேன் மரக்காரரிடம்.

"நாப்பது வருசமா இதே தொழில் சார். எனக்கு இவ்வளவு சுத்தமா வராது." மிச்ச டீயை மண்ணில் ஊற்றினார். "அடுத்த தடவை வேற ஆளைப் பாத்துக்கோங்க."

கத்தரிக்கோலைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றே கம்பியை வெட்டினேன். பதினொரு துண்டு. எண்ணித்தான் டப்பாவில் போட்டேன்.

திங்கள், 6:10. கிரிக்... கிரிக்...

கிளையில் அதே கம்பி. ஒட்டே தெரியாத ஒரே கம்பி. டப்பாவில் ஒன்றும் இல்லை.

செவ்வாய். மறுபடி வெட்டினேன். மறுபடி 6:10.

புதன்கிழமையும் வெட்டிவிட்டுக் காத்திருந்தேன். 6:10... 6:15... 6:20...

சத்தம் வரவில்லை. கிளையிலும் கம்பி இல்லை. அப்பாடா என்று முகம் கழுவப் போனேன்.

6:40. உன் அண்ணியின் குரல். "இங்க கொஞ்சம் வாங்க."

பாப்பாவின் இடது கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்த தடம். ஒரே சாய்வு. ஒரே இடைவெளி.

எண்ணினேன்.

பதினொன்று.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லப்பா... இறுக்கமா இருக்கு."

அன்றே அவர்கள் இருவரையும் என் மைத்துனர் வீட்டில் விட்டேன். தடம் மறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கை முழுதாக நீளவில்லை. எலும்பு நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர்.

வியாழன் உனக்குப் போன் செய்தேன். "பேய்ப் படம் பாக்குறத நிறுத்துண்ணா" என்று சிரித்தாய். அப்போது இன்னொன்றும் சொன்னாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

நேற்று, வெள்ளி, வீட்டை விற்றவரைத் தேடிப் போனேன். பத்திரம் பதிந்த அன்று இடது கையைச் சால்வைக்குள்ளேயே வைத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? குளிர் என்று நினைத்தோம். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். சால்வையை விலக்கினார்.

அந்தக் கையில் இரண்டு வளைவு. மரத்தின் தண்டில் இருக்கும் அதே வளைவு.

"எனக்கு அப்ப ஆறு வயசு," என்றார். "அசையாம நில்லுன்னாரு அப்பா. நின்னேன்."

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கம்பி மொத்தமும் உங்ககிட்டதான இருக்கு?"

வாசலிலேயே உன்னை அழைத்தேன். "மறுபடியுமா?" என்று வைத்துவிட்டாய். பிறகு எடுக்கவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வியாழனன்று நீ சொன்னது இதுதான். "கிளை கிளையா எவ்வளவு அழகா கம்பி சுத்திக் குடுத்திருக்கண்ணா. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போறாங்க."

நான் தண்டில் மட்டும்தான் சுற்றினேன். ஆறு சுற்று.

தொட்டி உன் மகனின் ஜன்னலில் இருக்கிறது. அவனுக்கும் ஆறு வயது. இதைப் படித்ததும் தொட்டியிடம் போகாதே. முதலில் அவன் சட்டைக் கையை மடித்துப் பார். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வா. இன்றும் 6:10-க்கு மரத்தைக் கவனித்துவிட்டு, மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் ஊர் பஸ் டிரைவர் வாசலில் நிற்கிறார். நேரே உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பசை தடவிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்

(உறையின் பின்பக்கம்)

ஒட்டிய பிறகு எழுதுகிறேன். அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மணி 6:14.

புதன்கிழமை மாதிரியே, இன்றும் மரத்தில் சத்தம் வரவில்லை.