உப்புத்தாள் இங்கிலீஷ் எழுதிய சுவர்

பெயிண்டர்கள் கையில் உப்புத்தாள் என்று ஒன்று இருக்கும். சுவரில் தேய்த்தால் மேடு போகும், விரலில் தேய்த்தால் தோல் போகும். இந்தக் கதையில் வரும் பெயிண்டருக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது அவர் வாயில் ஒரு தடவை மாட்டியவனுக்கு நன்றாகவே தெரியும்.

வாய்தான் அப்படி. கை பட்டு மாதிரி. அவர் அடித்த சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று அவருடைய மச்சினன் சொல்வான். மச்சினனும் பெயிண்டர்தான். பதினைந்து வருஷமாக மாமா பின்னாலேயே வாளி தூக்கி, திட்டு வாங்கி, அதிலேயே உடம்பு பெருத்தவன்.

உப்புத்தாளின் தொல்லை முழங்கால். இருபத்தெட்டு வருஷம் ஏணி ஏறிய கால். ஒரு படிக்கு ஒரு 'கடக்'. மூன்றாம் மாடிக்காரர்கள் மணி அடிப்பதற்கு முன்பே கதவைத் திறந்து, "வாங்க, வாங்க, முதல் மாடியிலயே கேட்டுச்சு" என்பார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் ஏணி ஏறினீங்கன்னா, அப்புறம் கட்டில்ல ஏறவே ஏணி வேணும்" என்றார்.

வழி ஒன்று இருந்தது. ஒரு பெரிய கட்டடக் கம்பெனிக்கு பெயிண்டிங் சூப்பர்வைசர் தேவை. தரையில் நின்று வேலை வாங்கலாம், ஏணியைத் தொடவே வேண்டாம். ஆனால் மேலே உள்ளவர்களிடம் இங்கிலீஷில் பேச வேண்டுமாம், அதற்குப் பரீட்சை வைத்தார்கள். ஒரு ஆளுக்கு இரண்டே வாய்ப்பு. முதல் வாய்ப்பில், எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கு உப்புத்தாள் பஸ் நம்பரைச் சொன்னார். உங்கள் வேலை என்ன என்றதற்கும் பஸ் நம்பரைச் சொன்னார். பயத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. ஆக, மிச்சம் ஒன்றே ஒன்று.

இந்த நிலைமையில்தான் ஒரு இங்கிலீஷ் பயிற்சிப் பள்ளிக்கு பெயிண்ட் அடிக்கும் வேலை வந்தது. பரீட்சை நடப்பதும் அதே பள்ளியில், முன் ஹாலில். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மச்சினன் குதித்தான். "வாளியில விழாம பாத்துக்கோ" என்றார் இவர்.

வராந்தாவில் ஏணி போட்டு சீலிங் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், சத்தமான குரல். 'ஸ்டாப்' என்ற ஒரே வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஸ்டாப்புக்குப் பின்னால் 'ஸ்மோக்கிங்' என்று போட்டால் ஒரு அர்த்தம், 'டு ஸ்மோக்' என்று போட்டால் வேறு அர்த்தம். வகுப்பில் ஒருத்தருக்கும் ஏறவில்லை.

"யாராவது சொல்லுங்க! ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஏணி மேலிருந்து ஒரு குரல் வந்தது. "வித்தியாசம் இருக்குன்னு நீங்கதானம்மா சொல்றீங்க. எங்க காதுக்கு ரெண்டும் புகையாத்தான் இருக்கு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஐயா, ஏணியில இருந்து பாடம் கேக்கறதுக்கு ஃபீஸ் கிடையாது. இறங்கி வந்து உக்காந்து கேட்டாலும் கிடையாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க."

'கடக், கடக்' என்று இறங்கி வந்தார். அன்றிலிருந்து சாயங்காலம் கடைசி பெஞ்சு அவருடையது.

நான்கு நாள் போனது. மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டியது, இந்த ஸ்டாப் மட்டும் ஈரச்சுவரில் பூசிய பட்டிமாவு மாதிரி உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எந்தக் கசங்கலையும் ஒரே இழுப்பில் நேராக்குகிற கை.

"என்னங்க அது, வாய்க்குள்ளயே மந்திரம்?"

விஷயத்தைச் சொன்னார்.

"இதுல என்ன கஷ்டம்? 'சிகரெட் குடிக்கிறதை நிறுத்திட்டேன்'னு போன வருஷம் என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே, அது ஒண்ணு."

"சரி."

"நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாப் பக்கத்துப் பெட்டிக்கடை முன்னால வந்துட்டிருந்த ஆளு அப்படியே நின்னீங்களே, சிகரெட் குடிக்க. அது ரெண்டாவது. முதல்ல சொன்னது பொய், ரெண்டாவது நான் கண்ணால பாத்தது. இப்ப புரியுதா?"

உப்புத்தாள் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. மாட்டிக்கொண்டதில் பாதி, புரிந்துபோனதில் பாதி. குடிக்கிறதை நிறுத்துவது, குடிக்க நிற்பது! அடச்சே, இவ்வளவுதானா! எழுந்து எச்சில் கையோடு கூடத்தில் ஒரு சுற்று சுற்றினார். "நீ டீச்சராப் போகவேண்டியவடி!"

"பேச்சை மாத்தாதீங்க. பாக்கெட்டை எடுங்க வெளிய."

மறுநாள் வெள்ளிக்கிழமை. முன் ஹாலின் பெரிய சுவர். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து முடித்திருந்தது. இந்தக் கட்டத்தில் பள்ளம் தெரிகிற இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்வது பெயிண்டர் வழக்கம். பெயிண்ட் அடித்தால் பென்சில் மறைந்துவிடும். உப்புத்தாள் சில நாளாக வட்டத்துக்குப் பக்கத்தில் அன்றைய பாடத்தையும் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு பெரிய நோட்டு யார் கொடுப்பார்கள்?

அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாக்கியம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டியது. ஐ ஸ்டாப்ட் ட்ரிங்கிங் டீ, டீ குடிப்பதை விட்டேன். ஐ ஸ்டாப்ட் டு ட்ரிங்க் டீ, டீ குடிக்க நின்றேன். மை ஒய்ஃப் நெவர் ஸ்டாப்ஸ் ஸ்கோல்டிங், என் மனைவி திட்டுவதை நிறுத்தவே மாட்டாள். எழுதிவிட்டுத் தானே சிரித்தார். மூன்றாவது வாக்கியத்தில் பென்சில் முனை ஒடிந்தது. சீவிக்கொண்டு நிற்கிற நிலையிலா இருந்தார்? மேசையில், பெட்டிகள்மேல் பெயர் எழுத டீச்சர் வைத்திருந்த ஊதா மார்க்கர் கிடந்தது. எடுத்தார். பென்சிலில் எழுதியதையும் சேர்த்து, முதலிலிருந்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், உள்ளங்கை அகல எழுத்தில், பதினேழு வாக்கியம்.

சனிக்கிழமை மச்சினன் அந்தச் சுவருக்கு இரண்டு கோட்டு வெள்ளை அடித்தான். எழுத்து லேசாகத் தெரிந்தது. மாமாவின் பென்சில் எழுத்தெல்லாம் மறைகிறதே, இந்த ஊதாவும் காய்ந்தால் மறையும் என்று விட்டுவிட்டான். உப்புத்தாள் வராந்தாவில் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்தபடி ஒவ்வொரு கம்பியிடமும் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிறு லீவு.

திங்கள்கிழமை காலை எட்டேகால். பத்து மணிக்குப் பரீட்சை. ஹால் கதவைத் திறந்த டீச்சர் போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள்காரன் இறங்கிவிட்டான்.

சுவர் முழுக்க ஊதா. பதினேழு வாக்கியமும் வெள்ளையைக் குடித்துவிட்டு ஜம்மென்று எழுந்து நின்றன.

மார்க்கர் மையை வெறும் பெயிண்ட் மறைக்காது. எத்தனை கோட்டு அடித்தாலும் ஊறி மேலே வரும். முதலில் அரக்குப் பாலிஷ் அடித்து அதன் வாயைக் கட்ட வேண்டும், பிறகுதான் பெயிண்ட். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற சங்கதி. இதை மறந்தான் என்பதற்காக மச்சினனை ஒரு தடவை மூன்று தெரு கேட்கத் திட்டியவர் உப்புத்தாள்.

"ஐயா, இது பரீட்சை ஹால்!" டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "பரீட்சைக்காரர் வந்து பாத்தா, சுவத்துல விடையை எழுதி வச்சு காப்பி அடிக்கிறோம்னு சொல்லிடுவார். உங்க பரீட்சை மட்டுமில்ல, எல்லாருடையதும் போச்சு!"

இரண்டாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பு, சுவரில் ஊதாவாக நின்று பல்லை இளித்தது.

மச்சினன் ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். "மாமா, 'பிரதர் இன் லா ஸ்டாப்ட் ஒர்க்கிங்'னு இருக்கே. பிரதர் இன் லான்னா நான்தானே?"

"ஆமா."

"வேலை செய்யறதையே நிறுத்திட்டேனா நான்?"

"இப்ப ஓடிப்போய் பாலிஷும் ஸ்பிரிட்டும் எடுத்துட்டு வரலேன்னா அது உண்மையாயிடும். ஓடுடா!"

ஓடினான். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடியதை அந்தத் தெரு அதற்கு முன்பு பார்த்ததில்லை.

எட்டே முக்காலுக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஒட்டுகிறவர், கொத்தனார் என்று, அவரவர் தொழிலில் சூப்பர்வைசர் ஆக வந்த இருபது பேர். நின்று வேடிக்கை பார்த்தவர்களை உப்புத்தாள் விடவில்லை. ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து, ஒரு பக்கத்திலிருந்து அவர் பாலிஷை இழுக்க இழுக்க விசிறச் சொன்னார். பாலிஷில் கலந்த ஸ்பிரிட்டின் வாசனை ஹாலை நிரப்பியது. ஜன்னல் அத்தனையும் திறந்தும் எல்லோருக்கும் லேசாகக் கிறுகிறுத்தது. டைல்ஸ்காரர் காரணமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். அது கொத்தனாரைத் தொற்றியது.

"அண்ணே, அந்த மேல் மூலையை மட்டும் இப்ப அழிக்காதீங்க" என்றான் பிளம்பர். "இன்னும் ரெண்டு லைன் படிக்கலை."

"விசிறுடா! பரீட்சையில கையைப் பாத்து மார்க் போடுவாங்க!"

"உங்க வீட்டம்மா திட்டுறது நிக்கவே நிக்காதா அண்ணே?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டான்.

"அதுல 'நெவர்'னு ஒரு வார்த்தை இருக்கு, படி. உன் கேள்விக்கு அதுல பதில் இருக்கு."

ஏணி உச்சியில் முழங்கால் கடகடக்க, கீழே இருபது பேர் விசிற, டீச்சர் வாசலில் காவல் நிற்க, பாலிஷ் காய்ந்தது. மேலே ரோலரில் ஒரே கோட்டு வெள்ளை. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஏணி வெளியே போனது. ஊதா ஒரு பொட்டும் இல்லை. சுவர் பச்சைப்பிள்ளை மாதிரி பளபளத்தது. சுவருக்கு முன்னால் கயிறு கட்டி, டீச்சர் 'ஈரம், தொடாதீர்கள்' என்று அட்டை மாட்டினாள்.

பத்து மணிக்குக் கட்டடக் கம்பெனியிலிருந்து பரீட்சைக்காரர் வந்தார். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி. மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசனை?" என்றார். "புதுப் பெயிண்ட் சார்" என்று இருபது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். டைல்ஸ்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். நாற்பது கேள்வி. உப்புத்தாள் முதலிலிருந்து கடைசி வரை தேடினார். கடைசியிலிருந்து முதல் வரையும் தேடினார். ஸ்டாப்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை! பக்கத்தில் பிளம்பர் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. சிரிப்பு வயிற்றுக்குள் உருண்டு மேலே வர, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

பிறகு வாய்ப்பேச்சு. ஒவ்வொருவராகப் பரீட்சைக்காரருக்கு முன்னால் உட்கார வேண்டும். உப்புத்தாள் முறை வந்தது. எப்படி வந்தீர்கள் என்றார். பஸ்ஸில் என்றார், நம்பர் சொல்லவில்லை. இதிலேயே பாதிப் பயம் போய்விட்டது. அடுத்த கேள்வி: வேலையில் நீங்கள் செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.

உப்புத்தாள் யோசித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் செய்த தப்புகள் ஒரு லாரிக்கு இருக்கும். ஆனால் இங்கிலீஷில் சொல்ல வார்த்தை இருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அதைச் சொன்னால் பரீட்சையே போகலாம். வேறு ஏதாவது ஜோடிக்கலாம் என்றால், பொய் சொல்கிற அளவுக்கு இங்கிலீஷ் அவருக்கு இன்னும் வரவில்லை.

ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை, சுவர், ஒடிந்த பென்சில், ஊதா மார்க்கர். தட்டுத்தடுமாறித்தான். வார்த்தை கிடைக்காத இடத்தில் கை பேசியது. பாலிஷுக்கு இங்கிலீஷ் தெரியாமல் எழுந்து நின்று காற்றில் அடித்துக் காட்டினார். மச்சினன் ஓடியதை ஓடிக் காட்டினார். முழங்காலும் 'கடக்' என்று ஒத்து ஊதியது. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் நெற்றியைச் சுவரில் முட்டினாள்.

பரீட்சைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் திரும்பினார். சுவரைப் பார்த்தார். நீளப் பார்த்தார், குறுக்கப் பார்த்தார். "இந்தச் சுவரா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார்.

"யெஸ் சார்."

"ஒண்ணும் தெரியலையே!"

"தெரிஞ்சா நான் என்ன பெயிண்டர் சார்?" இதுவும் தமிழில்தான் வந்தது.

பரீட்சைக்காரர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு மேசை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எழுதினதெல்லாம் கேள்வித்தாள் வர்றதுக்கு முன்னாடியே அழிஞ்சு போச்சு. அதனால யார் பரீட்சைக்கும் பங்கம் இல்லை. என்கிட்ட வர்ற ஆளுங்க எல்லாம் 'நான் தப்பே செஞ்சதில்லை'ன்னு அழகான இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போறாங்க. கட்டடத்துல அவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கீழ நடந்த தப்பை மேல வந்து சொல்றவன்தானே சூப்பர்வைசர்." தாளில் ஏதோ எழுதி, அடியில் கோடு இழுத்தார்.

மத்தியானம் பட்டியலை ஒட்டினார்கள். உப்புத்தாள் வராந்தாவில் நின்று சலவைக் கடைக்குப் போன் போட்டார்.

"பாஸ்."

"திரும்பச் சொல்லுங்க."

"பாஸுடி!"

அவள் ரிசீவரை வைக்காமலே கடைக்குள் கத்துவது கேட்டது. பிறகு பெண்கள் எல்லோரும் கத்துவது கேட்டது. பிறகு ஏதோ கருகுகிறது என்று ஒருத்தி கத்துவது கேட்டது. யாருடைய சட்டையோ, பாவம்.

போனை வைத்துவிட்டு ஹாலுக்குள் வந்தார். மச்சினன் ஏணியைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தான்.

"மாமா, அவசரத்துல ஒரு கோட்டுதான் அடிச்சோம். மேல்பக்கம் இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. ஏறுறீங்களா?"

உப்புத்தாள் ஒரு நாற்காலியை இழுத்து நடு ஹாலில் போட்டு உட்கார்ந்தார். காலை நீட்டினார்.

"நீ ஏறு. நான் இங்க இருந்தே குறை சொல்றேன்."