மருந்து ஏதும் எடுக்காத நிலையில்

மட்டாஞ்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள். கையை நீட்டச் சொல்லி ரப்பர் பட்டையைக் கட்டப் போனால் அங்கே முன்கூட்டியே ஏதாவது ஒன்று கட்டியிருக்கும். கறுப்புக் கயிறு, சிவப்புக் கயிறு, தாயத்து, ஜெபமாலை. எதையும் அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். மேலே தள்ளிவிட்டுக் குத்துவேன். அவரவர் நம்பிக்கை அவரவர் கையில், எனக்கு வேண்டியது நரம்பு.

குத்துவதற்கு முன்னால் இரண்டு கேள்வி உண்டு. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள்? மலையாளத்தில், தமிழில், அரைகுறை இந்தியில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை கேட்பேன். தூக்கத்தில் எழுப்பினாலும் இந்த இரண்டும் என் வாயில் வரும். ஒரே ஒருத்தியிடம் மட்டும் கேட்காமல் விட்டேன். அவள் என் அக்கா.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளுருத்தியில் வீடு. அத்தான் ஏலூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார், வாரத்தில் பாதி நாள் பகலில் தூங்குவார். அக்காவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. எங்கள் அம்மாவுக்கும் சர்க்கரைதான். முதலில் கால்விரல், பிறகு பாதம், பிறகு முட்டிக்குக் கீழே என்று தவணை முறையில் எடுத்தார்கள். கடைசி மூன்று வருஷம் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது நாங்கள் இரண்டு பேரும்தான். அதனால் அக்காவின் காலில் ஒரு கொசு கடித்தாலும் குனிந்து பார்த்துவிடுவேன். அவளுடைய மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

போன வருஷம் அவள் ஒரு பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். பழைய மசாலா கோடவுன் ஒன்றின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை தோறும் நடப்பது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர்தான் நடத்துகிறார். விளக்கேற்றி, பஜனை பாடி, துளசித் தீர்த்தம் கொடுப்பார்கள். நாற்பத்தொரு நாள் ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, செருப்பில்லாத கால், அந்தத் தீர்த்தம். சர்க்கரை இறங்கும், பிரஷர் இறங்கும், தைராய்டு கூடச் சொன்னபடி கேட்கும் என்று பேச்சு. இதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒருவேளை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும், அதற்குத் தெய்வம் தேவையில்லை என்று அவளிடமே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

அந்தச் சண்டையை நான் எப்படியெல்லாம் போட்டேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அவள் அடுப்படியில் நின்று கப்பைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருப்பாள், நான் வாசற்படியில் நின்று வகுப்பெடுப்பேன். கணையம் என்றால் என்ன, இன்சுலின் என்றால் என்ன. குடும்ப வாட்ஸாப் குழுவில் டாக்டர்கள் பேசுகிற வீடியோவாகப் பார்த்து அனுப்புவேன். அவள் பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம் போடுவாள். அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ படிச்சவ, செரி. பத்து வருஷமா உன் மாத்திரை என்ன செஞ்சுது சொல்லு? அரை மாத்திரையில தொடங்கி இப்ப நாலு ஆச்சு. டாக்டர் என் மொகத்தையாவது பாத்திருக்காரா? ரெண்டு நிமிஷம், ஒரு சீட்டு, அடுத்த ஆளு. டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அரை மணிக்கூர் பேசினாங்க. அம்மாவைப் பத்திக் கேட்டாங்க. நீ எப்பவாவது எனக்குப் பயமா இருக்கான்னு கேட்டிருக்கியாடீ?"

கேட்டதில்லை. அது உண்மையான கேள்வி, உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி. நான் என்ன செய்தேன்? "கையைப் பிடிச்சா சர்க்கரை எறங்குமா?" என்றேன். வாதத்தில் ஜெயிப்பது எனக்கு அப்போது அவ்வளவு முக்கியமாக இருந்தது.

அவள் முகம் இறுகியது. "கேட்டுக்கோ. மாத்திரை எல்லாம் நிறுத்தியாச்சு. பதினேழு நாளாச்சு. எனக்கு ஒரு கொழப்பமும் இல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அம்மாவின் காலைப் பார்த்தவள், தூக்கியவள், இப்படிச் செய்வாளா? கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்ததுகூடத் தெரிந்தது. கடைசியில், என் பத்தொன்பது வருஷ அனுபவத்தின் மேல் உள்ள திமிரில், ஒரு பந்தயம் கட்டினேன்.

"நாளைக்குக் காலையில லேபுக்கு வா. ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதை ரெண்டு பேரும் ஒத்துக்கணும். அதுக்கப்புறம் நானும் வாயைத் தொறக்க மாட்டேன், நீயும் தொறக்கக் கூடாது."

"செரி. வர்றேன்" என்றாள்.

வந்தாள். நெற்றி நிறையச் சந்தனம், ஈரத் தலை, வெறுங்கால். என்னிடம் பேசாமல் கையை மட்டும் நீட்டினாள். நானும் பேசவில்லை. இரண்டு கேள்வியும் அன்றைக்கு என் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் நேற்றே அவளே சொல்லிவிட்டாளே, பதினேழு நாளாக நிறுத்தியாயிற்று என்று. சீட்டை நானே நிரப்பினேன். வழக்கமாகக் காலியாகவே விடுகிற 'குறிப்பு' என்ற கட்டத்தில், 'மருந்து ஏதும் எடுக்காத நிலையில்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். எப்படியும் இருநூற்றைம்பதுக்கு மேல் வரும், அதை அத்தான் கையில் கொடுத்து, மாத்திரையை நிறுத்தினால் இதுதான் கதி என்று நிரூபிக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த வரி.

நூற்று நான்கு வந்தது.

இன்னொரு தடவை ஓட்டினேன். நூற்று மூன்று. மெஷினைச் சந்தேகப்பட்டு, அதைச் சரிபார்க்கிற திரவத்தை ஓட்டினேன். மெஷின் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த இடத்தில் எந்தப் புதுப் பெண்ணாக இருந்தாலும் போன் எடுத்து, "சேச்சி, மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருப்பாள். எனக்கு வீம்பு. நம்பர் எனக்கு எதிராக வந்ததும் கேள்வி கேட்டால் தோல்வியை ஒத்துக்கொள்ள முடியாமல் கேட்பதுபோல ஆகிவிடாதா? நான் நேர்மையானவள் என்று காட்ட வேண்டாமா? குறிப்பை அப்படியே வைத்து, கீழே கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் கண்ணில் ஜெயித்த களிப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவள் நம்ப முடியாதவள்போலத்தான் பார்த்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை குணமானவர்கள் மேடையேறி அனுபவம் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது, லேப் ரிப்போர்ட்டை உயர்த்திக் காட்ட வேண்டும். டீச்சர் அதில் கண்டிப்பு. ஆதாரம் இல்லாமல் யாரையும் மைக்கைத் தொட விட மாட்டார். பிறகு அந்த ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் கறுப்பு டேப்பால் மறைத்து, லேமினேட் செய்து சுவரில் மாட்டுவார்கள். அக்கா என்னையும் வரச் சொன்னாள். பந்தயத்தில் தோற்றவள் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அக்கா இரண்டே வாக்கியம் பேசினாள். டீச்சர் மைக்கை வாங்கி, என் குறிப்பை உரக்க வாசித்து மலையாளத்தில் மொழிபெயர்த்தார். "மருந்து ஏதும் எடுக்காத நிலையில். இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? இவருடைய சொந்தத் தங்கை. நம்பிக்கை இல்லாதவர். அதோ உட்கார்ந்திருக்கிறார்." எல்லாத் தலையும் திரும்பியது. கைதட்டினார்கள். நான் எழுந்து கைகூப்பினேன். என்னத்தைச் செய்ய? அவள் வாட்ஸாப்பில் போடுகிற அதே படம்போல நின்றேன்.

அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் பள்ளுருத்திப் பக்கம் போகவே இல்லை. அந்த மூன்று மாதமும் அவள் மாத்திரை டப்பாவை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அத்தான்தான் போன் செய்தார். நாற்பத்தொரு நாள் முடிந்தும் அக்கா செருப்பில்லாமலேயே நடந்துகொண்டிருந்தாளாம். வீட்டுச் சந்தில் மண்ணுக்குப் பதிலாகக் கக்கா என்கிற சிப்பியின் ஓடு கொட்டியிருப்பார்கள். ஒரு ஓடு இடது காலில் கீறியிருக்கிறது. அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காததையும் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டாள். நாற்றம் வந்த பிறகுதான் அவர் பார்த்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை நானூற்று இருபது. இரண்டாவது நாள் ஒரு விரலை எடுத்தார்கள். பாதத்தைக் காப்பாற்ற முடியுமா என்று நான்கைந்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சொன்ன அதே வார்த்தைகள். நான் ஆட்டோ பிடித்து நேராகக் கோடவுன் மாடிக்குப் போனேன்.

பட்டப்பகல், யாரும் இல்லை. டீச்சர் தரையில் உட்கார்ந்து விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரில் என் கையெழுத்து பளபளவென்று தொங்கியது.

"அதைக் கழற்றுங்கள்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது. அதை நான் மறைத்துச் சொல்ல முடியாது, உண்மையாகவே வெளுத்தது. ஆனால் குரல் வகுப்பறைக் குரல்தான்.

"மருந்தை நிறுத்து என்று உங்கள் அக்காவிடம் நான் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை."

"சொல்ல வேண்டாம். நிறுத்தியவர்களை மட்டும் மேடையேற்றிக் கைதட்டினால் போதுமே."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, சுவரில் இருந்த ரிப்போர்ட்டின் அருகே போய் நின்றார். "இந்த நம்பர் பொய்யா?"

"இல்லை."

"கையெழுத்து?"

"என்னுடையது."

"அப்புறம் எந்தப் பொய்யைக் கழற்றச் சொல்கிறீர்கள்?"

ஊரெல்லாம் வாதாடுகிற என் வாய்க்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. படியிறங்கும்போது, "அக்காவுக்காக இன்றைக்கு விளக்கு வைக்கிறோம்" என்றார் பின்னாலிருந்து. திரும்பிப் போய் அந்த விளக்குகளையெல்லாம் உதைத்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து அழுதேன்.

வார்டில் அக்கா விழித்திருந்தாள். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி நான் கொட்டித் தீர்த்தேன். அவர்கள் உன்னை ஏமாற்றினார்கள், உன் காலோடு விளையாடினார்கள், இப்போது மருந்தை நிறுத்தச் சொல்லவே இல்லை என்று கையைக் கழுவுகிறார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சொல்லலதான்" என்றாள்.

"பின்னே நீ ஏன் நிறுத்தின?"

அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்ப நிறுத்தலடீ. எனக்கு அம்மா கால் கண்ணு முன்னால நிக்கும். எப்படி நிறுத்துவேன்? ரெண்டு நேரமும் மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டேன். நோன்பும் இருந்தேன். நீ அப்படிக் கத்தினதுல வந்த வாசிக்கு, ஒரு வீம்புக்கு, நிறுத்திட்டேன்னு சொன்னேன். லேபுக்கு வந்த அன்னிக்கு நீ கேப்பன்னு நெனச்சேன். எல்லார்கிட்டயும் கேப்பியே. கேட்டா சொல்லியிருப்பேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரிப்போர்ட் பாத்தப்ப எனக்கே ஒண்ணும் புரியல. நூத்தி நாலு. மருந்து இல்லாமன்னு நீயே எழுதியிருந்த. ரத்தத்துல மருந்து வேலை செய்யலன்னு மெஷின்ல பாத்திருப்பா, தப்பா எழுத மாட்டா, என் ஒடம்பு அவளுக்குத்தான் தெரியும்னு தோணுச்சு. பின்னே மாத்திரை எதுக்கு? அந்த ஞாயிற்றுக்கெழமை மேடையேறினதுக்கு அப்புறம்தான் நிறுத்தினேன். டீச்சரை நம்பி இல்ல. உன் கையெழுத்தை நம்பி."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து, டூட்டி மாறி வந்த புது நர்ஸ் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். சின்னப் பெண். நோயாளியின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துப் பேனாவைத் திறந்தாள்.

"இவங்க முன்னாடி என்னென்ன மருந்து எடுத்துக்கிட்டிருந்தாங்க சேச்சி?"

எனக்கு எல்லாம் தெரியும். மாத்திரையின் பெயர், அளவு, எந்த வருஷம் எவ்வளவு கூட்டினார்கள் என்பதுவரை தெரியும். வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"அவங்ககிட்டயே கேளுங்க" என்றேன்.