கசாப்புக்கடை மும்பெரே பனிமலை ஏறினான்

பனிமலை அடிவாரத்துக் கசேசே ஊர்ச் சந்தையில் மும்பெரேயிடம் இறைச்சி வாங்குகிறவர்கள் எலும்பு அதிகம் என்று முணுமுணுக்கமாட்டார்கள். முணுமுணுத்த ஒருவன் அதே எலும்பால் வாங்கிக் கட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். மும்பெரே பெரிய ஆள். ஒரு மாட்டைச் சாய்க்க மற்றக் கசாப்புக்காரர்களுக்குக் கயிறு பிடிக்க மூன்று பேர் வேண்டும். இவன் கொம்பைப் பிடித்துத் தனியாகவே முறுக்கிப் போடுவான். அவனை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அழுததாக ஓர் இடம் வரும், அப்போது என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் பெயர் முஹிண்டோ. மலை ஏற வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது என் தொழில். வழிகாட்டி மசெரேக்காவோடு எத்தனையோ முறை மேலே போய் வந்திருக்கிறேன். மும்பெரேயின் கையால் அதிகம் அடி வாங்கியவன் இந்த மசெரேக்காதான். காரணம், மும்பெரேயின் தம்பி தெம்போ.

எங்கள் இனத்தில் பெயரைச் சொன்னாலே எத்தனையாவது பிள்ளை என்று தெரிந்துவிடும். மும்பெரே முதல் மகன், தெம்போ ஐந்தாவது. நடுவில் பிறந்த மூன்று பேரும் கலவரக் காலத்தில் ஒரே நாளில் வெட்டுப்பட்டுப் போனார்கள். மிஞ்சிய தம்பியை மும்பெரே தன் கடையிலேயே வைத்து வளர்த்தான். வளர்த்தான் என்றால், அடித்து வளர்த்தான். ரத்தத்தில் கை வழுக்கும் என்பதால், கத்திப் பிடியில் தோல்வார் கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது அவன் கடையின் சட்டம். தெம்போ அதை மறந்த நாளெல்லாம் முதுகில் விழும். மாட்டு வாலால் விழும், தராசுச் சங்கிலியால்கூட விழும். கடைசியில் பொறுக்கமுடியாமல் அந்தக் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, மசெரேக்காவிடம் சுமைதூக்கியாகச் சேர்ந்தான்.

அடுத்த வருடமே பனியில் ஒரு பிளவுக்குள் விழுந்துவிட்டான். அவனும் மசெரேக்காவும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். வேறு யாரும் அருகில் இல்லை. மசெரேக்கா வந்து சொன்னது இதுதான்: கயிற்றைப் பிடித்திருந்தேன், என்னையும் விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனது, திடீரென்று கனம் போய்விட்டது, பழைய கயிறு அறுந்துவிட்டது. தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு எட்டிப் பார்க்கத் தவழ்ந்தபோது விளிம்பு இடிந்து, தன் பக்கத்துக் கயிறும் உள்ளே போய்விட்டதாம்.

“கயிறு எங்கடா? கயித்தக் காட்டு,” என்றுதான் துக்க வீட்டில் மும்பெரே கேட்டான். காட்டக் கயிறு இல்லை. உயிருக்குப் பயந்து மசெரேக்கா வெட்டிவிட்டான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டான். அன்று விழுந்த குத்தில் மசெரேக்காவுக்கு ஒரு கண் போனது. அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் அடிதான், சந்தையிலும் அடித்தான், தேவாலய வாசலிலும் அடித்தான். மசெரேக்கா போலீசுக்குப் போனதே இல்லை. பழைய கயிற்றைக் கட்டிக்கொண்டு போனது தன் தவறு என்று அவன் நினைத்திருந்தான். எனக்கோ ரத்தம் கொதிக்கும்.

இப்படியே பல வருடங்கள் ஓடின. போன மழையில்லாக் காலத்தில் ஒருநாள் காலை மசெரேக்கா தானாகவே மும்பெரேயின் கடைக்கு நடந்தான். பயந்துபோய் நானும் கூடவே போனேன்.

“தெம்போ வெளிய வந்துட்டான் அண்ணே,” என்றான் மசெரேக்கா. “பனிதான் வருசா வருசம் கரையுதே. அவன் விழுந்த எடத்துக்குக் கீழ, பனி முடியற அடிவிளிம்புல பூட்ஸ் தெரியுது, இடுப்புக் கயிறும் தெரியுது. நான் தொடல.”

“ஏன் தொடல?”

“நான் எடுத்தா, கயித்து நுனிய மாத்திட்டேன்னு சொல்லுவீங்க. நீங்களே வந்து எடுங்க.”

மும்பெரே கையிலிருந்த தொடை எலும்பை வீசினான். மசெரேக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

“எப்பக் கெளம்பணும்?” என்று கேட்டான் மும்பெரே.

“நாளைக்கி.”

“நுனி வெட்டுப்பட்டிருந்தா, உன்னை அங்கயே அறுத்துப் போட்டுட்டுத்தான் வருவேன்.”

“சரி. அறுந்திருந்தா?”

“அறுந்திருந்தா பழைய கயித்தக் கட்டுனதுக்கு ஒதைப்பேன்.”

மசெரேக்கா இரண்டு பற்களைத் துப்பிவிட்டு எழுந்து வந்தான். வழியில் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அந்த நுனியைப் பார்க்காமல் தனக்கும் தூக்கம் வராது என்றான்.

பிறந்ததிலிருந்து மும்பெரே அந்தப் பனியைக் கீழேயிருந்து பார்த்து வளர்ந்தவன். தகரக்கூரை வெடிக்கிற வெயிலில் நின்றுகொண்டு, மேகம் விலகும்போதெல்லாம், “மலையோட சிறுநீரகக் கொழுப்பு தெரியுது பாரு,” என்பான். அருகில் போனதே இல்லை. கிளம்பிய பிறகு, வழிநெடுகச் சதுப்பில் இடுப்பளவு புதைந்து, சேற்றைத் திட்டி, எங்களைத் திட்டி ஏறினான். முதல் ஓடையில் மசெரேக்கா பனிக்கு உடையவனான கிதசம்பா தெய்வத்துக்கு ஒரு முட்டையை உடைத்து வைத்தான். பனிமேல் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்றும் சொன்னான். மும்பெரே மிச்சமிருந்த முட்டையைப் பச்சையாகக் குடித்துவிட்டு முட்டையோட்டை ஓடையில் எறிந்தான். எங்களோடு வந்த வனத்துறைத் துப்பாக்கிக் காவலர் வழியிலிருந்த கடைசிக் குடிலில் தலைவலியில் சுருண்டு படுத்துவிட்டார். மறுநாள் காலையில் பனிக்குப் போனது நாங்கள் மூன்று பேர்தான்.

பனியின் ஓரத்தில் மும்பெரே குனிந்து உள்ளங்கையை வைத்தான். வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

“சுடுதுடா,” என்றான்.

அப்புறம் அதை உதைத்தான். உதைத்த வேகத்தில் மல்லாந்து விழுந்தான். நான் சிரித்துவிட்டேன். எழுந்து வந்து ஓர் அறை விட்டான், காது இன்னும் ஒரு பக்கம் மந்தம்தான். வெளிச்சத்தில் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூச்சு வாங்கியது. மாட்டை முறுக்கிப் போடுகிறவன் பத்தடிக்கு ஒருமுறை நின்றான். அதற்கும் மசெரேக்காவைத்தான் திட்டினான்.

முன்னால் மசெரேக்கா, நடுவில் அவன், பின்னால் நான் என்று ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டோம். வழுக்காத ஆணிச் செருப்பு எல்லோருக்கும் உண்டு, பனி கொத்தும் கோடரி மசெரேக்காவிடமும் என்னிடமும்.

“என் காலடியிலயே கால வைங்க அண்ணே. தள்ளி வைக்காதீங்க.”

“நீ மிதிச்ச எடத்துல நான் மிதிக்கணுமாடா?” என்றான் மும்பெரே. வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் தள்ளி நடந்தான்.

அவன் காலடியில் வெள்ளை வாய் திறந்தது. அவன் இருந்த இடத்தில் ஆள் இல்லை. கயிறு என்னை முகம் குப்புறத் தள்ளி இழுத்துக்கொண்டு போனது. பனியில் மூக்கு உரசி, வாயெல்லாம் ரத்தம். முன்னால் மசெரேக்கா கோடரியைப் பனிக்குள் இறக்கி அதன்மேல் படுத்திருந்தான். சுற்றியிருந்த கயிறு அவன் இடக்கையை எலும்புவரை அறுத்துக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “வெட்டுடா. உனக்குத்தான் பழக்கமாச்சே, வெட்டு.”

“வாய மூடிட்டுக் கால சுவத்துல குத்துங்க அண்ணே. ஒதைச்சு ஏறுங்க.”

அவன் உதைத்து ஏற ஏற, நாங்கள் இழுத்தோம். கை தோல் கயிற்றோடு போனது. கடைசியில் எருமை போல விளிம்பில் வந்து விழுந்தான். பிறகு எழுந்துபோய் மசெரேக்காவின் கன்னத்தில் அறைந்தான்.

“இவ்வளவு நேரமா இழுக்கறது?”

நான் கோடரியை ஓங்கிவிட்டேன். உண்மையாகவே மண்டையைப் பிளந்திருப்பேன். மசெரேக்கா வேண்டாம் என்று தலையாட்டினான். அவன் அறைக்குப் பயப்படவில்லை, நுனியைப் பார்க்கவேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் அவனுக்கு.

தெம்போ அடிவிளிம்பில் குப்புறக் கிடந்தான். பாதி உடம்பு வெளியே, வலக்கை முழுக்கப் பனிக்குள். மும்பெரே கோடரியை வாங்கிக் கொத்த ஆரம்பித்தான்.

“மெதுவா, உடம்புல பட்டுடும்,” என்றேன்.

“எலும்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதாடா?”

முகத்தைத் திருப்பியதும் நிறுத்தினான். தம்பி போன அன்றைக்கு இருந்தபடியே இருந்தான், மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். அண்ணனுக்குத்தான் தாடி நரைத்திருந்தது. மும்பெரே அந்தக் கன்னத்திலிருந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்தான். அப்புறம் இடுப்பிலிருந்து போன நீலக் கயிற்றை உருவினான். ஒரு முழம்கூட இல்லை. நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான்.

அறுந்த கயிறு நார்நாராகப் பிரிந்திருக்கும். இது ஒரே சீராக இருந்தது.

“வெட்டுனது,” என்றான். சத்தமே போடாமல் சொன்னான்.

மசெரேக்கா வந்து பார்த்தான். அவன் முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். “நான் வெட்டல,” என்றான். “அறுந்துடுச்சுன்னுதான் இத்தன நாளும்…”

முடிக்கவிடவில்லை. மும்பெரே அவன் கழுத்தைப் பிடித்துப் பனிச்சுவரில் சாத்தினான். மறு கையில் கத்தி வந்துவிட்டது. நான் கோடரிப் பிடியால் அவன் முதுகில் அடித்தேன், இன்னும் அடித்தேன். மாட்டை அடித்ததுபோல இருந்தது, அசையவில்லை. மசெரேக்காவின் தொண்டையில் கத்தி பதிந்து ரத்தம் கோடாக இறங்கியது. மறுபடி ஓங்கியபோது என் கண் கீழே போனது. மும்பெரே கொத்திய இடத்தில் பனி விரிந்து தெம்போவின் மணிக்கட்டு தெரிந்தது. அதில் ஒரு தோல்வார்.

“மும்பெரே, கை,” என்றேன். “உன் தம்பி கையப் பாரு.”

பார்த்தான். மசெரேக்காவை விட்டுவிட்டு மண்டியிட்டான். கோடரி வேண்டியிருக்கவில்லை, நகத்தாலேயே சுரண்டினான். நகம் பெயர்ந்து பனி சிவந்தது. வாரின் மறுமுனையில் கடையிலிருந்து காணாமல்போன அந்தக் கத்தி இருந்தது. விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. கத்தி முனையில் நீல நார் ஒட்டியிருந்தது.

முதலில் பேசியவன் மசெரேக்கா, அதுவும் செத்தவனிடம்.

“விடமாட்டேன்டா, விடமாட்டேன்டான்னு கத்திக்கிட்டே இருந்தேனே. அதக் கேட்டுக்கிட்டேவாடா வெட்டுன?”

பிறகு தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து இரண்டாக மடித்தான். மும்பெரேயை அடித்தான். முதுகிலும் தலையிலும் முகத்திலும் அடித்தான். போன கண்ணுக்கும் போன பற்களுக்கும் சேர்த்து அடித்தான். மும்பெரே மண்டியிட்டபடியே இருந்தான், கையைக்கூடத் தூக்கவில்லை. காது கிழிந்து ரத்தம் தம்பியின் சட்டையில் சொட்டியது. நான் தடுக்கவில்லை. ஆசைப்பட்ட காட்சிதான், ஆனால் பார்க்கமுடியாமல் நின்று அழுதேன்.

கை ஓய்ந்து மசெரேக்கா உட்கார்ந்த பிறகு மும்பெரே வாயைத் திறந்தான்.

“வாரைக் கையில மாட்டச் சொல்லி அடிச்சது நான்தான். மாட்டாம இருந்திருந்தா விழுந்த வேகத்துல கத்தி போயிருக்கும். நீ இழுத்திருப்ப.”

மசெரேக்கா கயிற்றைக் கீழே போட்டான். “இழுத்திருக்க முடியாது அண்ணே. என் தல விளிம்புக்கு வெளிய போயிடுச்சு,” என்றான். “அப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகல. இப்ப நாலு புள்ளைங்க இருக்கு.”

தெம்போவைக் கம்பளியில் சுற்றி இறக்கினோம். தலைப்பக்கத்தை மும்பெரே யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வாழைத்தோப்பில் அப்பன் குழிக்குப் பக்கத்தில் புதைத்தோம். கத்தி அவன் கையிலேயே போனது.

மும்பெரே திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். எலும்பு இன்னும் அதிகம்தான், முணுமுணுத்தால் இன்னும் அடிதான். ஒன்றுமட்டும் மாறியது. கத்தியை மணிக்கட்டில் மாட்டுவதை விட்டுவிட்டான். யாராவது சொன்னால், “உன் வேலையப் பாரு,” என்பான். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ரத்தத்தில் கத்தி வழுக்கி, அவனுடைய இடக்கையின் இரண்டு விரல்களை வெட்டுக்கட்டையில் போட்டது. அவன் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். கத்தி கீழே கிடந்தது, சந்தையில் ஒருவனும் அருகில் போகவில்லை.

மசெரேக்கா போனான். தன் சட்டையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினான். கீழே கிடந்த கத்தியை எடுத்துத் துடைத்தான். தன் இடுப்பு வாரை உருவி, பிடியில் கோத்து, மும்பெரேயின் வலது மணிக்கட்டில் மாட்டி முடிச்சுப் போட்டான்.

“இனிமே அவுத்தீங்கன்னா நான் அடிப்பேன்,” என்றான்.

அந்த வார் இன்னும் அவன் மணிக்கட்டில்தான் இருக்கிறது.